ஹெல்மெட்டில் கேமரா பொருத்தக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

மதுரையில் இருசக்கர வாகன உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில், ஆக்‌ஷன் கேமராவுக்கான மவுண்ட்டை, அதாவது கேமராவைத் தாங்கும் பிடிப்பை, ஒட்டித் தரும்படி நான் கொடுத்த, மண்பாதை ஓட்டத்துக்கான ஆஃப் ரோடு ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில், என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் டிரில் போட்டு இரண்டு ஸ்க்ரூக்களை இறக்கிவிட்டார்கள். நாகமலை அடிவாரத்திலும் கண்மாய்க் கரைகளிலும் மண்பாதை ஓட்டும் இளைஞர்கள் பலர் இப்போது கேமரா மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால், இதே வேலை இன்னும் எத்தனை ஹெல்மெட்டுகளில் நடந்திருக்குமோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

இவ்வகை ஹெல்மெட்டில் கேமராவுக்குப் பொருத்தமான இடம் தாடைதான். உச்சியில் வைத்தால் கருவேல மரக் கிளைகளில் இடிபடும். முன்னால் நீண்டிருக்கும் பீக்கின் மேல் வைத்தால், அது விழும்போது கழன்றுகொள்ள வேண்டிய மெல்லிய பாகம் என்பதால், படம் முழுக்க ஆட்டமாகவே வரும். ஆனால் தாடை கூராக வளைந்திருப்பதால் தட்டையான மவுண்ட் அதில் படியாது. அந்த மாடலின் வளைவுக்கென்றே செய்த மவுண்ட் வேண்டும். அப்படிப்பட்ட ஒன்றை வாங்கி, ஒட்டினால் மட்டும் போதும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தேன்.

திரும்ப வாங்கியபோது வெளியே பார்வைக்கு எல்லாம் நேர்த்தியாகவே இருந்தது. வீட்டுக்கு வந்து உள்ளிருக்கும் துணி உறையைக் கழற்றியபோதுதான், தெர்மோகோலைத் துளைத்துக்கொண்டு இரண்டு ஸ்க்ரூ முனைகள் வாய்க்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. முகம் மோதி விழுந்தால் முதலில் குத்துவது அந்த முனைகள்தான். வெளிப்புறத்திலோ, துளைகளைச் சுற்றி ஷெல் எனப்படும் கெட்டியான வெளி ஓட்டில் நூலிழை போல வெடிப்பு ஓடியிருந்தது. ஒட்டுவதற்கு முன் தின்னரால் துடைத்ததாகக் கடைக்காரரே பிறகு சொன்னார். பாலிகார்பனேட், ஏபிஎஸ் ஷெல்கள் தின்னர், பெட்ரோல் போன்றவை பட்டால் வலுவிழக்கும். அதன் மேல் துளையும் போட்டால், அடிபடும்போது விரிசல் அங்கிருந்தே தொடங்கும். இருசக்கர வாகன ஹெல்மெட்டுகளுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 4151-க்குச் சோதித்து ஐஎஸ்ஐ முத்திரை பெற்றது துளையில்லாத ஹெல்மெட்தானே தவிர, இது அல்ல.

நேரில் போய்க் கேட்டேன். "மண் ரோட்டுக் குலுக்கலுக்கு டேப் எல்லாம் நிக்காது தம்பி, நல்லதுக்குத்தான் செஞ்சோம்" என்றார். ஹெல்மெட்டுக்கு ஈடு தர மறுத்ததோடு, மவுண்ட் மாட்டிய கூலியையும் திருப்பித் தரவில்லை. பில்லில் 'மவுண்ட் பொருத்தியது' என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. துளை போட்ட ஹெல்மெட்டுக்கு வாரண்டியும் கிடையாது. படங்களையும் பில்லையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குச் செல்வேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கும் சேவைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுத்தால் போதும்.

டேப் நிற்காது என்று அவர் சொன்னது சரியல்ல. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, தரமான விஎச்பி டேப்பை (இருபுறமும் ஒட்டும் வலுவான டேப்) அழுத்தி ஒட்டி, குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 72 மணி நேரம் விட்டுவைத்தால், சுமார் 150 கிராம் எடையுள்ள கேமராவை அது தாராளமாகத் தாங்கும். கூடுதல் பாதுகாப்புக்கு ஒரு சிறு கயிற்றைக் கோத்துக்கொள்ளலாம். ஒட்டிய அன்றே கேமராவை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டச் சொல்லும் கடையில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். ஒட்டுவதை எதிரில் நின்றே பாருங்கள், டிரில் போடக்கூடாது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே கடையில் கொடுத்துத் தாடையில் மவுண்ட் போட்டவர்கள், இன்றே உள் உறையைக் கழற்றித் தெர்மோகோலை விரலால் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூ முனை தட்டுப்பட்டால் அந்த ஹெல்மெட்டை அணிந்து வண்டி எடுக்காதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றி ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தாலும் ஷெல்லுக்குப் பழைய வலு திரும்பாது.