டெல்லியில் பெட்ரோல் காரைக் கொடுத்து டீசல் கார் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

முனிர்காவில் குடியிருக்கும் நான், 2012இல் பதிவான என் பெட்ரோல் காரை 2024 மே மாதம் கரோல் பாகில் ஒரு கடையில் கொடுத்து, மேற்கொண்டு 2,60,000 ரூபாய் கட்டி, 2016இல் பதிவான டீசல் காரை வாங்கி ஏமாந்தேன். அந்தக் கடையில் எங்களிடம் பேசியவர் தமிழர். "உங்கள் வண்டிக்கு இன்னும் மூன்று வருடம்தான் சார், இதற்கு 2031 வரை கவலையே இல்லை" என்று சொல்லி, ஆர்.சி.யில் அச்சாகியிருந்த தேதியை விரல் வைத்துக் காட்டினார். நம் ஊர்க்காரர் பொய் சொல்ல மாட்டார் என்று நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு.

டீசல் கார்களுக்கும் ஆர்.சி.யில் பதினைந்து ஆண்டுதான் அச்சிடப்படுகிறது. ஆனால் டெல்லியில் டீசலுக்குப் பத்து ஆண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்து ஆண்டு என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் விதித்த வரம்பை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்திருந்தது. அதன்படி நான் கொடுத்த பழைய காருக்கு 2027 வரையும், வாங்கிய புதிய காருக்கு 2026 வரையும்தான் ஆயுள். வயதான வண்டிகளின் உரிமையாளர்கள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்து, அதே டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4-உம் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியிருந்தாலும் (பி.எஸ். என்பது வண்டிப் புகைக்கு அரசு வைத்த தரநிலை; எண் கூடினால் மாசு குறைவு), இந்த வண்டியை விற்கப் போனால் வாங்குபவர்கள் பத்து ஆண்டுக் கணக்கைச் சொல்லித்தான் விலையைக் குறைக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய அடி, கார் வாங்கிய 2024இன் குளிர்காலத்திலேயே விழுந்தது. காற்று மாசு மோசமாகி, நவம்பர் 15 அன்று மாசு கூடக் கூடப் படிப்படியாக இறுக்கப்படும் கிராப் (GRAP) கட்டுப்பாடுகளின் மூன்றாம் நிலை அமலானபோது, பி.எஸ். 3 பெட்ரோல் கார்களும் பி.எஸ். 4 டீசல் கார்களும் டெல்லிச் சாலைகளில் ஓடக் கூடாது, மீறினால் 20,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். என் புதிய கார் பி.எஸ். 4 டீசல். டெல்லியில் 2010 முதலே பி.எஸ். 4 கட்டாயம் என்பதால், நான் தள்ளிவிட்ட பெட்ரோல் காருக்கு இந்தத் தடையே இல்லை. முழங்கால் வலியோடு இருக்கும் என் அம்மாவை மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்ற அன்று, வாசலில் சும்மா நின்ற அந்தக் காரைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

டிசம்பரில் பேட்டரி மாற்ற பானெட்டைத் திறந்த மெக்கானிக், ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து ஒட்டியிருந்த ஆயில் சர்வீஸ் சீட்டைத் துடைத்துக் காட்டினார். 2022 தேதியிட்ட அந்தச் சீட்டில் 91,400 கிலோமீட்டர் என்று பேனாவால் எழுதியிருந்தது. நான் வாங்கும்போது மீட்டர் காட்டியது 54,000. பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்ததை முதல் நாளே பார்த்தும் நான் ஏன் என்று கேட்கவில்லை.

கடையில் போய்க் கேட்டதற்கு, மீட்டருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். அவர்கள் கொடுத்த ரசீதில் கிலோமீட்டரும் இல்லை, பி.எஸ். நிலையும் இல்லை. ஆகவே ஆண்டை மட்டும் பார்த்து எது புதியது என்று முடிவு செய்யாமல், எரிபொருளையும் பி.எஸ். நிலையையும் சேர்த்துப் பாருங்கள். காரைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து பழைய சர்வீஸ் விவரங்களைக் கேளுங்கள். ஓடிய கிலோமீட்டரை ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தராத கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நான் அந்தச் சீட்டைப் படமெடுத்து இணைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன்.