அளவு கொடுத்துச் செய்வித்த ஐந்து தந்தி பேஸ் கிட்டார்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எனக்கென அளவு கொடுத்துச் செய்வித்துக்கொண்ட ஐந்து தந்தி எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரை ஐந்தாறு ஆண்டுகளாக ஒத்திகையிலும் மேடையிலும் ஒலிப்பதிவிலும் முதன்மைக் கருவியாக வாசித்துவருகிறேன். புதுக் கருவி கைக்கு வந்த வாரத்தில் எழுதப்படும் அனுபவங்களில் மரத்தின் அழகும் ஒலியின் புதுமையும்தான் பெரிதும் பேசப்படும். ஆர்டர் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவருக்கோ, தந்திகள் பலமுறை மாறி, மழையும் வெயிலும் பலமுறை வந்துபோன பிறகும் எந்த முடிவு பயன் தருகிறது என்பதுதான் தெரிய வேண்டும். நான் கண்டவரையில், ஸ்க்ரூவைக் கழற்றி மாற்ற முடியாதவை எவையோ அவற்றைப் பற்றித்தான் ஆர்டருக்கு முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் 34 அங்குல ஸ்கேல் நீளம் கொண்டது. அதாவது நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்திகள் படியும் சிறு பட்டை) பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்) வரை அதிரும் தந்தியின் நீளம் 863.6 மில்லிமீட்டர். 1960-இல் வந்த ஜாஸ் பேஸும் அதே நீளத்தை வைத்துக்கொண்டு, நட் அகலத்தை மட்டும் ஏறத்தாழ 38 மில்லிமீட்டராகக் குறைத்தது. இன்று தொழிற்சாலைகளில் இருந்து வரும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டின் அளவுகளையே பின்பற்றுகின்றன. அவை நல்ல அளவுகள்தான். ஆனால் அவை நான்கு தந்திகளை மனத்தில் வைத்து முடிவு செய்யப்பட்டவை. அவற்றோடு தாழ்ந்த பி தந்தி ஒன்றைச் சேர்க்கும்போது நெக்கின் (கருவியின் நீண்ட கழுத்துப் பகுதி) அகலம், எடை, விறைப்பு ஆகிய மூன்றும் ஒருசேர மாறிவிடுகின்றன. கடைகளில் கிடைத்த ஐந்து தந்தி பேஸ்களில் ஒன்று கைக்குப் பொருந்தினால் தோளுக்குப் பொருந்தவில்லை, தோளுக்குப் பொருந்தியது கைக்கு அகலமாக இருந்தது. செய்விக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வந்தது.

தயாரிப்பாளருடனான முதல் உரையாடலிலேயே, நான் நின்றபடி வாசிக்கும் காணொளி ஒன்றையும் இரு கைகளையும் விரித்துவைத்து எடுத்த படங்களையும் அனுப்பச் சொன்னார். மரத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பல வாரங்கள் கழித்தே வந்தது. இந்த வரிசை எனக்குப் பெரும் நம்பிக்கை அளித்தது. மரத்தின் படங்களைக் காட்டிப் பேச்சைத் தொடங்குபவரைக் காட்டிலும், உங்கள் மணிக்கட்டு வளையும் கோணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்பவரிடம் கருவியை ஒப்படைப்பது நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

நாங்கள் அதிகம் பேசியது ஸ்கேல் நீளத்தைப் பற்றி. நான்கு தந்தி பேஸின் தாழ்ந்த இ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பி தந்தி சுமார் 31 ஹெர்ட்ஸில் அதிர வேண்டும். அதே நீளத்தில் அவ்வளவு தாழ்ந்த சுருதி வேண்டுமென்றால் தந்தியைத் தளர்த்த வேண்டும், அல்லது தடிமனாக்க வேண்டும். தளர்ந்த தந்தி ஃப்ரெட்டில் (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) மோதிச் சலசலக்கும்; தடித்த தந்தி விறைத்து, அதன் மேல் சுரங்கள் அடிச்சுரத்தின் சரியான மடங்குகளில் அமையாமல் சற்று உயர்ந்து ஒலிப்பதால், சுருதி எங்கே நிற்கிறது என்று காதுக்குப் பிடிபடாமல் மங்கலாகும். இதனால்தான் பல ஐந்து தந்தி பேஸ்கள் 35 அங்குல ஸ்கேலில் வருகின்றன. அதே தந்தியை அதே சுருதியில் 35 அங்குலத்துக்கு இழுத்துக் கட்டினால் இழுவிசை சுமார் 6 விழுக்காடு கூடும். இந்த ஆதாயத்துக்கு இடது கை விலை கொடுக்கிறது. முதல் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட் வரை விரல்கள் எட்ட வேண்டிய தூரம் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் அதிகமாகிறது. தாளில் பார்த்தால் அற்பமாகத் தோன்றும் இந்த 4 மில்லிமீட்டரை மூன்று மணி நேர நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியில் சுண்டுவிரல் நன்றாகவே உணரும். ஒவ்வொரு தந்திக்கும் வெவ்வேறு நீளம் தரும் விசிறி ஃப்ரெட் அமைப்பும் இருக்கிறது. ரால்ஃப் நோவாக் 1989-இல் காப்புரிமை பெற்ற அந்த முறை இன்று பல தயாரிப்பாளர்களிடம் கிடைக்கிறது. வாசித்துப் பார்த்தேன், முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் சாய்வு என் மணிக்கட்டுக்கு ஒத்துவரவில்லை.

கடைசியில் 34 அங்குலத்திலேயே நின்றோம். அதற்கு ஈடாக நெக்கை விறைப்பாக்க முடிவு செய்தோம்: ஐந்து துண்டு மேப்பிள், நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் செல்லும் ட்ரஸ் ராடின் இருபுறமும் கார்பன் ஃபைபர் கம்பிகள், பிரிட்ஜ் சேணத்தின் மேல் மெலிந்து அமரும் முனை கொண்ட 0.130 அங்குலத் தடிமன் உள்ள பி தந்தி. நீண்ட ஸ்கேல் இல்லாவிட்டால் பி தந்தி உருப்படியாக ஒலிக்காது என்று உறுதியாகச் சொல்பவர்கள் பலர். என் கருவியின் பி தந்தி ஒலிப்பதிவுகளில் தெளிவாக, சுருதி பிசகாமல் நிற்பதைத் தொடர்ந்து கேட்டுவருபவன் என்ற முறையில், அந்தக் கூற்றில் பாதிதான் உண்மை என்று சொல்வேன். நெக்கின் விறைப்பும் தந்தியின் தேர்வும் சேர்ந்து மீதிப் பாதியைச் செய்கின்றன.

பிரிட்ஜில் தந்திகளுக்கு இடையிலான தூரத்தையும் இதே கவனத்துடன் முடிவு செய்ய வேண்டும். நான்கு தந்தி பேஸ்களில் பழகிய 19 மில்லிமீட்டர், கட்டை விரலால் அறைந்து வாசிப்பவர்களுக்கு வசதியானது. 17 மில்லிமீட்டர் விரல் நுனியால் விரைவாக வாசிப்பவர்களுக்கு வசதியானது. ஐந்து தந்தியில் நான்கு இடைவெளிகள் இருப்பதால் இந்த இரண்டுக்கும் இடையே மொத்த அகலத்தில் 8 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடுகிறது. நான் பெரும்பாலும் விரலால் வாசிப்பவன். 18 மில்லிமீட்டரும் 46 மில்லிமீட்டர் நட் அகலமும் கேட்டேன். இந்தக் கருவியில் நான் ஒருநாளும் மறுபரிசீலனை செய்யாத முடிவு இதுதான்.

எடையும் சமநிலையும் வேறு வேறு விஷயங்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 4 கிலோவுக்கு உட்பட்ட பேஸ்கூடத் தலை தாழ்ந்துபோனால், இடது கை வாசிப்பதை விட்டுவிட்டு நெக்கைத் தாங்குவதிலேயே களைத்துவிடும். தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ட்யூனர்களில் ஐந்தாவதின் எடை நெக்கின் கோடியில் அமர்வதால் ஐந்து தந்தியில் இந்தத் தொல்லை கூடுதல். எடை குறைந்த ட்யூனர்கள், சிறிய ஹெட்ஸ்டாக் (ட்யூனர்கள் அமரும் தலைப்பகுதி), பாடியின் மேல்பக்க நீட்சியான மேல் கொம்பின் ஸ்ட்ராப் குமிழ் 12-ஆம் ஃப்ரெட்டின் நேர்கோட்டில் அமையும்படியான பாடி வடிவம் என்று தயாரிப்பாளர் தீர்வு சொன்னார். மரத்தை அறுக்கும் முன் முழு அளவு வரைபடத்தையும் அனுப்பினார். அதைத் தடித்த அட்டையில் ஒட்டி, வெட்டி, ஸ்ட்ராப்பைக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். அட்டைக்கு எடை இல்லாததால் சமநிலையை அதில் சோதிக்க முடியாது. ஆனால் முதல் ஃப்ரெட் உடலிலிருந்து எவ்வளவு தொலைவில் போய் நிற்கிறது, வலது முழங்கை பாடியின் எந்த விளிம்பில் பதிகிறது என்பவை உடனே தெரிந்துவிட்டன. முழங்கை படும் அந்த விளிம்பைப் பென்சிலால் குறித்து அனுப்பினேன். இன்று கருவியின் முன்கைச் சரிவு சரியாக அந்தக் கோட்டில்தான் தொடங்குகிறது. ஆர்டர் கொடுக்கும் எவரும் இப்படி ஒரு முழு அளவு வரைபடத்தைக் கேட்டுப் பெறத் தயங்கக்கூடாது.

மரத்தைப் பற்றி நான் சுருக்கமாகவே பேச விரும்புகிறேன். எலக்ட்ரிக் பேஸில் தந்தியின் அதிர்வைப் பிக்கப்பின் காந்தப்புலம் மின்குறிப்பாக மாற்றுகிறது; பிக்கப்பின் இடமும் தந்தியின் வயதும் ஒலியில் செய்யும் மாற்றத்தோடு ஒப்பிட்டால், மேல்தட்டு மரம் செய்யும் மாற்றம் என் காதுக்கு எட்டவில்லை. எடையும் நெக்கின் உறுதியும் மரத்தைப் பொறுத்தவை என்பதால் அந்தத் தேர்வை முழுக்கத் தயாரிப்பாளரிடமே விட்டேன். விரல்பலகைக்கு மட்டும் ஈட்டி மரம் கேட்டேன். 2017 ஜனவரியில் ஈட்டி உள்ளிட்ட டால்பெர்ஜியா இன மரங்கள் அனைத்தும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்ததால், நாடு விட்டு நாடு அனுப்பும் கிட்டார்களுக்கும் அனுமதிச் சான்று தேவைப்பட்டது. 2019 நவம்பர் இறுதியில் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கு இல்லை. வெளிநாட்டில் செய்விப்பவர்கள் எந்த வகை மரம் என்பதை அதன் அறிவியல் பெயரோடு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

பிக்கப்பை மாற்றலாம், ஆனால் பாடியில் குடைந்த குழியின் இடத்தை மாற்ற முடியாது. ஜாஸ் பேஸின் பின் பிக்கப் 1970-களில் பிரிட்ஜை நோக்கி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நகர்த்தப்பட்டது. அந்தச் சிறு நகர்வால் ஒலி மெலிந்து கூர்மையானது, அடித்து வாசிப்பவர்கள் அதையே தேடிப் பிடித்தார்கள். நான் பழைய இடத்தையே கேட்டேன். குழியும் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பொது அளவில் இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியது பின்னாளில் கைகொடுத்தது: முதலில் வந்த பிக்கப்புகளை இரண்டாம் ஆண்டில் மாற்றியபோது மரத்தில் ஓர் உளிகூடப் படவில்லை. 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே போலக் கருவிக்குள்ளேயே ப்ரீஆம்ப் (பிக்கப்பின் ஒலியைப் பெருக்கித் திருத்தும் மின்சுற்று) வைத்திருக்கிறேன். கேபிள் செருகியிருக்கும்வரை அது பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதால், பேட்டரி தீர்ந்தாலும் வாசிப்பைத் தொடர ப்ரீஆம்பைத் தவிர்க்கும் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். நிகழ்ச்சியின் நடுவே அந்தச் சுவிட்ச் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஒலிப்பதிவுகளில் பெரும்பாலும் ப்ரீஆம்பை அணைத்தே வாசிக்கிறேன். மேடையில் அதன் மிட் (நடுத்தர அதிர்வெண்) கட்டுப்பாடு இல்லாமல் சரிப்படாது. ஒலியளவுக் குமிழ் மூன்றாம் ஆண்டில் கரகரக்கத் தொடங்கியது. சுத்தம் செய்தும் சரியாகாமல் மாற்ற வேண்டியதாயிற்று.

சொன்ன காலத்துக்குக் கருவி வரவில்லை. நெக்குக்கு ஒட்டிய மரத்துண்டுகளில் ஒன்று லேசாக முறுக்கியதால் தயாரிப்பாளர் அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். அதைப் படத்துடன் தெரிவித்தார். தாமதம் வருத்தியது உண்மை. ஆயினும் ஒட்டிய பிறகு மரத்தைச் சில வாரங்கள் சும்மா வைத்திருந்து, அது அசைகிறதா என்று பார்ப்பவர்தான் நல்ல கைவினைஞர். அந்த நெக் எனக்கு வந்திருந்தால் இந்த அனுபவப் பகிர்வு வேறு மாதிரி இருந்திருக்கும்.

கைக்கு வந்த முதல் ஆண்டில் கருவி அமைதியடையவில்லை. புதிய நெக், தந்திகளின் இழுவிசைக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் பழகும்வரை அசைந்துகொண்டேயிருக்கும். ஜி தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாம் எட்டாம் ஃப்ரெட்டுகளின் மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பேன். 0.3 மில்லிமீட்டர் அளவில், விசிட்டிங் கார்டு ஒன்று உரசிக்கொண்டு நுழையும் இடைவெளி எனக்குச் சரி. அது மாறினால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல், ஒரு நாள் விட்டு மறுபடி அளப்பேன். இரண்டாம் ஆண்டிலிருந்து பருவம் மாறும்போது மட்டுமே இந்த வேலை தேவைப்படுகிறது. ஃப்ரெட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கேட்டிருந்தேன். இத்தனை வாசிப்புக்குப் பிறகும் தந்தி பதிந்த பள்ளம் ஏதும் தென்படவில்லை. எண்ணெய்ப் பூச்சோ முன்கை படும் இடத்தில் கறுத்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை மென்மையாகத் தேய்த்து மறுபடி எண்ணெய் பூச வேண்டியிருக்கிறது. பராமரிப்பில் பொறுமை இல்லாதவர்கள் பாலியூரித்தேன் பூச்சே கேட்கட்டும்.

குறை என்றால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜி தந்தியின் ஆறாம் ஃப்ரெட்டில் சுரம் மற்ற இடங்களைப் போல நீளாமல் சீக்கிரம் அடங்குகிறது. நெக்கின் இயல்பான அதிர்வும் அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றிப்போகும்போது, தந்தியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொள்வதால் இது நேர்கிறது. திருகால் பொருத்திய நீண்ட நெக் கொண்ட பேஸ்களில் ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஏழாம் ஃப்ரெட் வரையிலான பகுதியில் இதை அடிக்கடி காணலாம். கார்பன் கம்பிகள் இதை மட்டுப்படுத்தலாம், முற்றிலும் ஒழிக்கும் என்று உறுதி தர முடியாது என்று தயாரிப்பாளர் தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கூறியிருந்தார். ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் சிறு எடை ஒன்றைப் பொருத்தியபோது அந்த இடம் சற்றே கீழிறங்கி இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் விழுந்தது. இப்போது எந்த ஒரு சுரமும் தனியாகச் சோர்ந்து ஒலிப்பதில்லை. நெக் சமநிலை கெடாத அளவுக்கு எடையைக் குறைத்துக் குறைத்துப் பார்த்ததில் ஒரு மாலைப் பொழுது கழிந்தது. எந்த பேஸை வாங்கும் முன்னும், ஜி தந்தியின் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் ஒரே விசையில் மீட்டி, ஒலி முழுதாக அடங்கும்வரை காத்திருந்து கேளுங்கள்.

மறுவிற்பனை மதிப்பை எண்ணி இதைச் செய்விக்கக் கூடாது. என் விரல்களுக்குப் பொருந்தும் 46 மில்லிமீட்டர் நட்டும் என் முழங்கைக்கு வெட்டிய சரிவும் இன்னொருவருக்குச் சிறப்பாகத் தோன்ற வேண்டிய அவசியமில்லை. பெயர் பெற்ற தொழிற்சாலைக் கருவி விற்கும் வேகத்தில் இது விற்காது.

அதே தயாரிப்பாளரிடம் இப்போது ஃப்ரெட் இல்லாத நான்கு தந்தி பேஸ் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன். நெக்கின் பின்புற வளைவும் ஸ்ட்ராப் குமிழின் இடமும் பழைய வரைபடத்தில் உள்ளபடியே இருக்கும். பிரிட்ஜ் இடைவெளியை மட்டும் 19 மில்லிமீட்டராக்கி, விரல்பலகையைக் கருங்காலியில் கேட்டிருக்கிறேன். புதிய அட்டை வடிவம் வந்துவிட்டது. மேல் கொம்பை இன்னும் ஒரு சென்டிமீட்டர் நீட்டலாமா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.