"இது வளராதுங்க அக்கா": சேலத்தில் ஆமைக் குஞ்சு வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சேலத்தில் அலங்கார மீன் விற்கும் கடைகளில், கண்ணாடிக் கிண்ணத்துக்குள் பச்சை ஓடும் காதோரம் சிவப்புக் கீற்றுமாக நீந்திக்கொண்டிருக்கும் ஆமைக் குஞ்சுகளைக் கண்டு, பிள்ளைகளின் ஆசைக்காக வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எண்ணும் பெற்றோர் அனைவரும் பணத்தை எடுக்கும் முன் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஒரு கடையில் எங்களுக்கு விற்கப்பட்ட இரண்டு குஞ்சுகளில் ஒன்று இறந்துவிட்டது. மற்றொன்று, கால்நடை மருத்துவர் ஒருவரின் அக்கறையால் உயிரோடு இருக்கிறது.

நகரின் பரபரப்பான கடைவீதி ஒன்றில், நல்ல வெளிச்சமும் வரிசையான மீன் தொட்டிகளுமாக நம்பிக்கை தரும் தோற்றத்தில்தான் அந்தக் கடை இருந்தது. என் மகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கடைக்காரர் பொறுமையாகவே பதில் சொன்னார். "இது வளராதுங்க அக்கா, உள்ளங்கை அளவுதான் எப்பவும். இந்தக் கிண்ணமே போதும். ஒத்தையா வாங்கினா ஏங்கிச் செத்துடும், ஜோடியா எடுத்துக்கங்க. இது ஆண், இது பெண். பாப்பா கையில எடுத்துக் கொஞ்சலாம், ஒண்ணும் பண்ணாது." ஜோடி 600 ரூபாய், நடுவில் பிளாஸ்டிக் தென்னை மரம் நட்ட கிண்ணமும், பெயரோ தயாரித்த தேதியோ இல்லாத உலர்ந்த இறால் பொட்டலமும் தனி. ரசீது கேட்டபோது, மிஷின் வேலை செய்யவில்லை என்றார்.

அவர் சொன்னவற்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்பதை மருத்துவர் வாயிலாகவும் பின்னர் நாங்களே தேடிப் படித்தும் தெரிந்துகொண்டோம். இந்த ஆமையின் பெயர் ரெட் இயர்டு ஸ்லைடர். அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதியைச் சேர்ந்த இனம். பெண் ஆமையின் ஓடு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை, அதாவது ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்கு வளரக்கூடியது. முறையாகப் பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல், சில 30 ஆண்டுகளையும் தாண்டி வாழும். ஆகவே, பள்ளி செல்லும் ஒரு பிள்ளைக்கு இதை வாங்கிக் கொடுப்பவர், அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவராகி, திருமணமான பிறகும் வீட்டில் இருக்கப்போகும் ஓர் உயிரை வாங்குகிறார். ஆண், பெண் என்று அவர் பிரித்துக் காட்டியதும் வெறும் வாய்ஜாலமே. முட்டை இருந்த இடத்தின் வெப்பநிலையே இவற்றின் பாலினத்தைத் தீர்மானிக்கிறது. ஓடு ஏறத்தாழ 10 சென்டிமீட்டரை எட்டி, ஆணின் முன்னங்கால் நகங்கள் நீளத் தொடங்கும் வரை, அனுபவமுள்ளவர்களாலும் வெளித்தோற்றத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. துணையில்லாவிட்டால் ஏங்கிச் சாகும் என்பதும் இரண்டு விற்பதற்கான பேச்சு. உண்மையில், இடம் குறைந்த தொட்டியில் இரண்டை ஒன்றாக விட்டால், பெரியது சிறியதைக் கடிப்பதும் தீனியைப் பறித்துக்கொள்வதும்தான் நடக்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். ஒன்றின் வாலில் காயம் கண்டதும், ஏற்காட்டில் வசிக்கும் என் தங்கை அதைத் தன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். மலையில் குளிராக இருக்குமே, அங்கே இது தாங்குமா என்று எடுத்துச் செல்லும் முன்பே கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டோம். "தண்ணியில கிடக்கிற உசுருக்குக் குளிர் என்னங்க அக்கா பண்ணப்போகுது" என்று சொன்னார். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஆமை தன் உடலில் தானே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அல்ல. சுற்றியுள்ள நீரும் காற்றும் வெயிலும் தருகின்ற சூட்டை வைத்துத்தான் அதன் செரிமானமும் நோய் எதிர்ப்பும் இயங்குகின்றன. குஞ்சுகளுக்குத் தண்ணீர் 26 டிகிரி அளவிலும், ஏறிக் காயும் மேடை 30 டிகிரிக்குச் சற்று மேலும் இருக்க வேண்டும். ஹீட்டரும் விளக்கும் இல்லாத கிண்ணத்தில், தங்கை வீட்டு ஆமை முதலில் சாப்பிடுவதை நிறுத்தியது. பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே மிதக்கத் தொடங்கியது. மூக்கில் சிறு சிறு குமிழிகள் வந்தன. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. இவையெல்லாம் நுரையீரல் தொற்றின் அடையாளங்கள் என்பது எங்களுக்குத் தெரிய வரும் முன்பே அது இறந்துவிட்டது. சாய்ந்து மிதக்கும் ஆமையை "விளையாடுது" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

சேலத்தில் இருந்த மற்றொன்றுக்கு வேறு விதமான கேடு. இரண்டு கண்களும் வீங்கி, இமைகள் வெள்ளையாகத் தடித்து மூடிக்கொண்டன. ஓட்டின் ஓரத்தை விரலால் தொட்டால் ஈரமான அட்டையைப்போல் அமுங்கியது. கிண்ணத்தோடு தூக்கிக்கொண்டு அதே கடைக்குப் போனோம். அவர் ஆமையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "கண்ணு வலிதான் அக்கா, வயித்துல பூச்சி இருந்தா இப்படித்தான் வரும்" என்று சொல்லி, பெயர்ச்சீட்டு பாதி உரிந்த ஒரு சிறு மருந்துப் புட்டியை 250 ரூபாய்க்குக் கொடுத்து, கழுத்துக்குப் பின்னால் தடவவும் வாயில் இரண்டு சொட்டு விடவும் சொன்னார். நாய்களுக்குக் கொடுக்கும் மருந்துதான், எல்லா உயிருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றும் உறுதி கூறினார்.

அந்தப் புட்டியைத் திறக்காமல், ஆமையோடு அதையும் எடுத்துக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சென்றோம். மருத்துவர் புட்டியைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, உரிந்த சீட்டில் எஞ்சியிருந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தார்: ஐவர்மெக்டின். ஆடு, மாடு, நாய் ஆகியவற்றுக்குப் பயன்படும் இந்த மருந்து ஆமைகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி, கை கால்களைச் செயலிழக்கச் செய்து, மூச்சை நிறுத்திவிடக்கூடியது. ஆமை இனம் எதற்கும் இதைக் கொடுக்கவே கூடாது என்று அவர் விளக்கினார். இந்தப் பதிவை நான் எழுதுவதற்கு முதற்காரணம் இதுதான். ஆமை வளர்ப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இந்த ஒரு பெயரை மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். கடையில் கொடுக்கப்படும் எந்தச் சொட்டு மருந்தையும், அது என்ன மருந்து என்று கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லும் வரை பயன்படுத்தாதீர்கள். ஊசி போடுவதில்கூட ஆமைக்குத் தனி முறை உண்டு. பின்னங்கால் பகுதியிலிருந்து வரும் இரத்தம் சிறுநீரகத்தின் வழியாகச் செல்லக்கூடும் என்பதால், மருத்துவர்கள் பெரும்பாலும் முன்னங்கால் பக்கமாகத்தான் ஊசி போடுகிறார்கள். இதையெல்லாம் அறிந்தவர் செய்ய வேண்டிய வேலையை ஒரு மீன் கடைக்காரர் துணிந்து செய்வதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

கண் வீக்கத்துக்குக் காரணம் உயிர்ச்சத்து ஏ குறைபாடு. வெறும் உலர்ந்த இறாலை மட்டுமே தின்னும் குஞ்சுகளுக்கு இது சாதாரணமாக வருவது. ஓடு மென்மையானதற்குக் காரணம் சுண்ணாம்புச்சத்துக் குறைவும், யு.வி.பி. எனப்படும் ஒரு வகைப் புற ஊதாக் கதிர் கிடைக்காததும். வெயிலில் உள்ள இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் உயிர்ச்சத்து டி3 உண்டாகும். அது இல்லாமல் உணவில் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து இருந்தாலும் எலும்பில் சேராது. ஓடு என்பது முதுகெலும்பும் விலா எலும்புகளும் இணைந்து உருவான உயிருள்ள எலும்பு. எனவே ஓட்டில் தெரியும் மென்மை உடல் முழுவதும் உள்ள எலும்புகளின் நிலையைக் காட்டுகிறது. (ஓடு உயிருள்ள எலும்பு என்பதால், அதன்மீது வண்ணம் பூசி விற்கப்படும் குஞ்சுகளை யாரும் வாங்கக் கூடாது.) சன்னலோரம் வைத்தால் போதும் என்பார்கள், சன்னல் கண்ணாடி இந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்கெனவே விற்கப்படும் யு.வி.பி. விளக்கு வேண்டும்; அதையும் எரிகிறதே என்று விட்டுவிடாமல் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும், ஏனெனில் வெளிச்சம் குறையும் முன்பே கதிர் குறைந்துவிடுகிறது. காலை வெயிலில் சிறிது நேரம் வெளியே வைப்பதும் நல்லதே. ஆனால் பாதி இடத்தில் நிழல் இருக்க வேண்டும், காக்கையும் பூனையும் அண்டாதபடி ஆள் கூடவே இருக்க வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் கண்ணாடிக் கிண்ணத்தை மொட்டை மாடியில் வைப்பது, அதை உயிரோடு வேகவைப்பதற்குச் சமம்.

இப்போது எங்கள் ஆமை, வடிகட்டியும் ஏறிக் காயும் மேடையும் உள்ள பெரிய தொட்டியில் இருக்கிறது. ஓட்டின் ஒவ்வோர் அங்குல நீளத்துக்கும் ஏறத்தாழ 40 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. வளர்ந்த ஆமைக்கு 300 லிட்டருக்கு மேல் தேவைப்படும். நல்ல பெல்லட் தீனியோடு சிறு மீன், மண்புழு, துருவிய கேரட், பரங்கிக்காய், முருங்கைக் கீரை ஆகியவற்றைக் கொடுக்கிறோம். தண்ணீருக்குள்தான் இவற்றால் இரையை விழுங்க முடியும் என்பதால், வெளியே எடுத்து வைத்து ஊட்ட முயல்வது வீண்.

பிள்ளைகள் கையில் எடுத்துக் கொஞ்சலாம் என்று சொன்னார் அல்லவா, அதுவும் ஆபத்தான பேச்சு. முழு நலத்தோடு இருக்கும் ஆமையின் குடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அது கழிவு வழியாகத் தண்ணீரிலும் ஓட்டிலும் பரவியிருக்கும். அமெரிக்காவில் குழந்தைகள் பலர் இதனால் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டதால், 4 அங்குலத்துக்கும் குறைந்த ஆமைகளை விற்பதை 1975-லேயே அந்த அரசு தடை செய்துவிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், முதியோர், கருவுற்ற பெண்கள் இருக்கும் வீட்டில் ஆமை வளர்ப்பதையே தவிர்க்கலாம் என்பது என் கருத்து. ஆமையையோ தொட்டியையோ தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. ஆமையை முகத்தருகே கொண்டு செல்லக் கூடாது. தூக்க வேண்டியிருந்தால், முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே ஓட்டின் இரு பக்கமும் இரு கைகளால் பிடித்து, தரைக்கு அருகிலேயே தூக்க வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் முதுகெலும்பு பாதிக்கப்படும். நகத்தால் கீறியதும் பிள்ளைகள் கையை உதறிவிடுவார்கள். கீழே விழுந்தால் ஓடு விரிசல் விடக்கூடும்.

கடைசியாக நடந்ததையும் சொல்லியாக வேண்டும். இறந்த ஆமைக்கும் மருந்துக்கும் விளக்கம் கேட்கச் சென்றபோது, கடைக்காரர் சாக்கு போட்டு மூடியிருந்த ஒரு பேசினைத் திறந்து, "இதை எடுத்துட்டுப் போங்க அக்கா, நம்ம ஊரு ஆமை, சாகவே சாகாது. அந்தச் சீக்கு ஆமையை மூக்கனேரியில விட்டுடுங்க, புண்ணியம்" என்றார். பேசினில் இருந்தது பாலாமை. நம் ஏரிகளிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்வது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிர் அது. அதைப் பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். தண்டனை 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வாஸ்துவுக்கு நல்லது என்று இரகசியமாக விற்கப்படும் நட்சத்திர ஆமையும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. வாங்கியவர்தான் முதலில் மாட்டுவார்.

ஏரியில் விடுவது புண்ணியமும் அன்று. ரெட் இயர்டு ஸ்லைடர், உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடங்களையும் பறித்துக்கொள்ளும், நோய்களையும் பரப்பும். மூக்கனேரியிலோ பனமரத்துப்பட்டி ஏரியிலோ ஏற்காட்டு ஏரியிலோ, கோயில் தெப்பக்குளத்திலோ இதை விட்டுவிடாதீர்கள். வளர்க்க முடியாத நிலை வந்தால், விவரம் அறிந்து பொறுப்பேற்பவரிடம் ஒப்படையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் வனத்துறையிடம் யோசனை கேளுங்கள்.

பாலாமை குறித்து வனத்துறைக்கும், விற்பனையும் மருந்தும் குறித்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறோம். அவை விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ரசீது இல்லாவிட்டாலும் கைப்பேசியில் பணம் செலுத்திய பதிவும், அந்தப் புட்டியும், நாமக்கல் மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டும் எங்களிடம் உள்ளன. இதேபோல் ஏமாற்றப்பட்டவர்கள் தங்களிடம் உள்ளவற்றைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915-இல் தங்கள் புகாரையும் பதிவு செய்யுங்கள்.