ஒரே தீர்ப்புக்கு மூன்று முகவரி: சட்டத்தைப் படிக்க யார் காசு கட்டுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். வருடா வருடம் சட்ட நூலகச் சந்தாவுக்கு பில் வரும்போது எங்கள் வக்கீலம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "சஃப்லியில சும்மா கிடைக்கிறதுக்கு நாம எதுக்குப் பணம் கட்டுறோம்?"

நியாயமான கேள்விதான். சஃப்லி என்பது இங்கத்திய தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கத் தரும் இணையதளம். பதில் சொல்ல நம் ஊர்ப் பெண்ணின் வழக்கு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். டர்பனில் பள்ளிக்கு மூக்குத்தி போட்டுப் போன தமிழ்ப் பெண்ணின் வழக்கு. பெண் வயதுக்கு வந்தால் மூக்கு குத்துவதும், பதினாறாவது பிறந்தநாளுக்குப் பாட்டி வைர மூக்குத்தி போட்டுவிடுவதும் குடும்ப வழக்கம் என்று அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. 2007 அக்டோபர் 5-ல் அந்தப் பெண் பக்கம் தீர்ப்பானது. அதைச் சட்டத்துறையில் குறிப்பிடும்போது மூன்று முகவரி எழுதுவார்கள்: 2007 இசட்.ஏ.சி.சி. 21, 2008 (1) எஸ்.ஏ. 474, 2008 (2) பி.சி.எல்.ஆர். 99. முதல் முகவரியை வைத்து சஃப்லியில் தேடினால் முழுத் தீர்ப்பும் இலவசம். மற்ற இரண்டும் ஜூட்டா, லெக்ஸிஸ்நெக்ஸிஸ் பதிப்பகங்களின் தொகுதிகள். அங்கே சந்தா கட்டினால்தான் கதவு திறக்கும்.

நீதிபதி எழுதியது மூன்றிலும் ஒன்றுதான். அப்படியானால் பதிப்பகம் எதை விற்கிறது? தீர்ப்பின் சாரத்தைச் சுருக்கி முன்னால் வைக்கும் ஹெட்நோட்டை. அப்புறம், இந்தத் தீர்ப்பை எந்தத் தீர்ப்பு பின்பற்றியது, எது தள்ளிவிட்டது என்ற தொடர்ச்சியை. இதற்கெல்லாம் ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். எனவே இந்தக் காசில் எனக்குப் புகார் இல்லை. (ஜூட்டாவை 1853-ல் கேப் டவுனில் தொடங்கியவர் காரல் மார்க்ஸின் தங்கையைக் கட்டியவர். மார்க்ஸின் மச்சான் கடையில் சட்டத்துக்கு விலைச்சீட்டு!)

சஃப்லியின் வழி வேறு. விட்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்து, பிறகு கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. பொதுச் சட்டத் தகவல் எல்லோருக்கும் பொதுச் சொத்து என்று 2002-ல் மாண்ட்ரியலில் அறிவித்த இயக்கத்தின் வழியில் நடப்பது. கூட்டம் அதிகம், வரும்படி நன்கொடைதான். சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது: தென்னாப்பிரிக்காவின் 1978 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 12(8)-ன்படி சட்டம் சார்ந்த அதிகாரபூர்வ வாசகங்களுக்குப் பதிப்புரிமையே கிடையாது. இலவசத் தளம் நாளைக்கே வணிகர்களிடம் காசு கேட்க நினைத்தாலும் "இது என் எழுத்து" என்று கேட்க முடியாது. "இது என் சர்வர், என் உழைப்பு" என்றுதான் கேட்க முடியும். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுப் பேசினால் பேச்சு வழி தவறிவிடும்.

சரி, நன்கொடை மட்டும் போதாது, தொழிலுக்குப் பயன்படுத்துகிறவர்கள் கொடுக்கட்டும் என்று வைத்துக்கொள்வோம். எப்படி வாங்குவது?

அமெரிக்க மத்திய நீதிமன்றங்களின் ஆவணத் தளமான பேசர் பக்கக் கணக்கில் வாங்குகிறது. பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடித்தால் பில் கிடையாது. தீர்ப்புரைக்குக் காசில்லை, மற்ற வழக்கு ஆவணங்களுக்குத்தான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உண்டியலில் பணம் சேர்ந்தால் வேறு செலவுக்கும் கை நீளும். வாங்கிய கட்டணத்தைச் சம்பந்தமில்லாத செலவுகளுக்குத் திருப்பியதாக வழக்காகி, 12.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இந்த வழி வேண்டாம்.

கனடாவின் இலவசத் தீர்ப்புத் தளமான கன்லீயின் வழி எனக்குப் பிடித்தது. அங்கே வழக்கறிஞர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களிடமிருந்து வசூலித்துத் தளத்தை நடத்துகின்றன. வக்கீல் கொடுக்கிறார், ஊரே படிக்கிறது. இங்கேயும் வக்கீல்கள் சட்டத்தொழில் மன்றத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டத்தான் செய்கிறார்கள், அதில் ஒரு சிறு துளி போதும். ஒரே குறை, வக்கீல் அல்லாத வணிகர் இதில் தப்பிவிடுவார். தன் தளத்திலிருந்து தீர்ப்புகளை மொத்தமாக அள்ளியதாக ஒரு செயற்கை நுண்ணறிவு நிறுவனத்தின் மீது 2024 நவம்பரில் கன்லீ வழக்கே போட வேண்டியதாயிற்று.

மூன்றாவது, எடுக்கிற விதத்தைப் பார்த்து வாங்குவது. இந்தியாவில் 2008-ல் தொடங்கிய இந்தியன் கானூன் தளம் இப்படித்தான்: கண்ணால் படிக்கிறவருக்கு இலவசம், மென்பொருளை நேராக இணைத்து உறிஞ்சுகிறவருக்கு எண்ணிக்கைப்படி கட்டணம். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2022-ல் திறந்த தீர்ப்புத் தளம் காசு வாங்குவதில்லை. ஆனால் கணினியை வைத்து மொத்தமாக அலச வேண்டுமானால் தனியாக விண்ணப்பித்து உரிமம் வாங்க வேண்டும்.

நான்காவதாக, "வணிகப் பயனாளி தனி வாசல், பொதுமக்கள் தனி வாசல்" என்று ஆளைப் பார்த்துப் பிரிக்கலாம் என்பார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். போன மாதம் காலையில் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆயா வந்தார், கையில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம். நீதிமன்ற ஆணை இல்லாமல் வெளியேற்ற முடியாது என்கிற 1998 சட்டத்தையும் அதையொட்டிய இரண்டு தீர்ப்புகளையும் வக்கீலம்மா திரையில் எடுத்துக் காட்டினார், ஃபீஸ் வாங்கவில்லை. மதியம் அதே கணினியில், அதே நாற்காலியில், ஒரு கம்பெனிக்காகத் தேடினார். அதற்கு மணிக்கணக்கில் பில் போட்டது நான்தான். இதில் எந்த நேரத்துத் தேடல் வணிகம் என்று அந்தத் தளம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

படிப்பவரிடம் காசு கேட்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றத்தில் ஒரு மனுவில் காட்டியிருந்த ஒன்பது தீர்ப்புகளில் இரண்டுதான் உண்மையில் இருந்தன, மற்றவை இல்லாத தீர்ப்புகள். ஒரு வழக்கு இருக்கிறதா இல்லையா என்று சரிபார்ப்பதற்குக்கூட மீட்டர் ஓடினால், சோம்பேறி வக்கீலுக்கு அதுவும் ஒரு சாக்காகிவிடும். எனவே சம்பாதிக்கிற வக்கீலே ஆனாலும், ஒவ்வொன்றாகத் திறந்து படிக்கும்வரை காசு கேட்கக் கூடாது என்பேன்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பக்கத்து டோங்காட் குடிநீர் நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். அந்த வரிசையில் குடத்தோடு நின்றவர் வீட்டுக்கா இட்லிக் கடைக்கா என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சியிருந்தால் கேட்டிருப்பார்கள். தீர்ப்புக்கும் எனக்கு அதே கணக்குதான்: மோட்டாருக்குக் கட்டணம், அதற்கு மேல் கனடா மாதிரி வக்கீல்களிடம் ஒரு சிறு வசூல். இரண்டும் சேர்ந்தால்தான் ஓடும்.

இந்த வருடமும் சந்தாவைப் புதுப்பித்தோம், ஹெட்நோட் இல்லாமல் வக்கீலம்மாவுக்கு ஓடாது. கூடவே சஃப்லிக்கு ஒரு தொகை அனுப்பச் சொன்னார். பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். "டொனேஷன்னு போட்டுடுங்க" என்றார். நான் நூலகச் செலவு என்று எழுதினேன்.