ஒழுகும் மாடி, ஓதம் ஏறிய சுவர்: பழைய வீட்டுக்கு எந்த வேலை பொருந்தும்?

செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய பழைய சுவர் கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலும் காற்றும் பட்டதும் இரண்டு முகங்கள் வழியாகவும் அதை வெளியே விட்டுவிடும். இப்படி நனைந்து உலர்ந்துதான் அது இத்தனை ஆண்டு நின்றிருக்கிறது. புதுக் கட்டுமானத்துக்காக வந்த பூச்சுகளும் ஷீட்டுகளும் தண்ணீரை முற்றாகத் தடுக்கச் செய்யப்பட்டவை. அவற்றைப் பழைய சுவரில் போட்டால் உலரும் வழி அடைபடும். ஆகவே எந்த இரண்டு வழிகளை எடைபோட்டாலும் மூன்றைப் பார்க்க வேண்டும்: தண்ணீர் நுழையும் இடத்தை இது நிறுத்துகிறதா, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி விடுகிறதா, கூடும் எடையைக் கட்டடம் தாங்குமா.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் கூரையும் மழைநீர்க் குழாய்களும். அடுத்து சுவரடி மண்ணும் வடிகாலும். பிறகு விரிசல், பூச்சு. அதன்பின் ஜன்னல், கதவு இடுக்குகள். வெப்பத் தடுப்பு அதற்கும் பின்னால், பெயின்ட் கடைசி. ஒழுகும் கூரையின் அடியில் கண்ணாடிப் பஞ்சு விரித்தால் அது நனைந்து வெப்பத்தைத் தடுக்கும் குணத்தை இழக்கும். மேலே இருக்கும் மரத்தையும் ஈரத்திலேயே வைத்திருக்கும்.

மொட்டைமாடி: பூச்சா, ஷீட்டா, செங்கல் ஜல்லித் தளமா?

எந்த டப்பாவையும் வாங்குவதற்கு முன் வாட்டத்தைப் பாருங்கள். 100-க்கு 1 என்பது குறைந்தபட்சம். அதாவது 6 மீட்டர் நீளத்துக்கு 60 மி.மீ. இறக்கம். மழை நின்று 48 மணி நேரத்துக்குப் பின்னும் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு வையுங்கள். ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலை, குழாய் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால்கள், பிற்பாடு துளைத்து மாட்டிய கம்பிகள், இவைதான் நுழைவாயில்கள். கீழே கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். தண்ணீர் தளத்துக்குள்ளேயே பல அடி நகர்ந்து சொட்டும்.

தண்ணீர் தேக்கிச் சோதிப்பது கான்கிரீட் தளத்துக்குச் சரி. 25 மி.மீ. தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 25 கிலோ. மரச் சட்டங்கள் தாங்கும் பழைய கூரையில், அதுவும் சுவருக்குள் புதைந்த சட்ட முனைகள் உளுத்திருந்தால், இந்தச் சோதனையே ஆபத்து. அங்கே ஹோஸ் குழாயால் ஒவ்வொரு பகுதியாக நனைத்து, ஒரு பகுதிக்கு அரை மணி நேரமாவது காத்திருந்து கீழே பாருங்கள்.

இனி வழிகள். அக்ரிலிக் பூச்சு மலிவு, எடை இல்லை, வெள்ளை நிறமானால் வெப்பத்தையும் திருப்பி அனுப்பும். பிரைமர், முதல் பூச்சு, அது ஈரமாக இருக்கும்போதே மூலைகளிலும் விரிசல்களிலும் ஃபைபர் வலை, அதன்மேல் இன்னும் இரண்டு பூச்சு, இதுதான் முழு வேலை. உலர்ந்தபின் மொத்தக் கனம் ஏறத்தாழ 1 மி.மீ. வர வேண்டும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், தண்ணீர் அதிகம் கலந்து ஒரே பூச்சோடு முடித்துவிடுவார்கள். பெயின்ட் அடித்த கனம்தான் வரும், அடுத்த மழைக்காலத்தில் உரியும். சரியாகச் செய்தாலும் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும் இடத்தில் அக்ரிலிக் மென்மையாகி எழும்பிவிடும். வாட்டம் நன்றாக இருந்து, சில ஆண்டுக்கு ஒருமுறை மறுபூச்சு போடத் தயாராக இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

பாலியூரித்தேன் திரவப் பூச்சு இதைவிட நன்றாக நீளும், தேங்கும் தண்ணீரையும் தாங்கும். ஆனால் தளம் உண்மையிலேயே உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் போட்டால் குமிழ் குமிழாக எழும்பும். பழைய செங்கல் ஜல்லித் தளம் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் இந்தப் பொருள் அங்கே தோற்பதற்கு இதுவே பெரிய காரணம். ஒரு சதுர மீட்டர் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

தார் ஷீட் 3 அல்லது 4 மி.மீ. கனத்தில் வரும்; கேஸ் டார்ச்சால் உருக்கித் தளத்தில் ஒட்டுவார்கள். பக்கவாட்டில் 100 மி.மீ., முனைகளில் 150 மி.மீ. மேற்பொருந்த வேண்டும். கைப்பிடிச்சுவரில் குறைந்தது 150 மி.மீ. மேலேற்றி, வெட்டிய காடிக்குள் முனையைச் செருகி அடைக்க வேண்டும். வெறுமனே சுவரில் ஒட்டி விட்டால் அந்த முனைதான் முதலில் பிரியும். மூலையை 90 பாகையாக விடாமல் சாந்தால் சாய்வு கட்டிய பிறகே ஷீட் ஏற்றலாம். கான்கிரீட் தளத்துக்கு இது நம்பகமான வழி. மரக்கூரைக்கு வேண்டவே வேண்டாம்: கேஸ் டார்ச்சின் சுவாலை இடுக்கு வழியாகக் காய்ந்த மரத்தைத் தொட்டால், புகை தெரிவதற்குள் தீ உள்ளே பரவியிருக்கும்.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு, மேலே தட்டையான சுடுமண் ஓடு (தட்டோடு) பதிக்கும் பழைய முறை ஈரத்தை வெளியே விடும், வெப்பத்தையும் தணிக்கும், தலைமுறை தாண்டி நிற்கும். எடைதான் சிக்கல்: 100 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 180 கிலோ அளவில் வரும். அதனால் பழையதை அகற்றிவிட்டுப் புதிதாகப் போடலாம். பழையதன் மேலேயே போடக் கூடாது. இதே தவறு சிமென்ட் தளத்திலும் நடக்கிறது. 'மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டால் தீர்ந்தது' என்பார்கள். 50 மி.மீ. கனம் சதுர மீட்டருக்கு 110 கிலோ. 60 சதுர மீட்டர் மாடிக்கு ஆறரை டன் நிரந்தரச் சுமை. ஒழுகலுக்காகக் கூரையையே பலி கொடுக்கும் வேலை அது.

என் பரிந்துரை: மரச் சட்டக் கூரையில் நல்ல பழைய தளம் இருந்தால் தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டிச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சாந்தால் மறுபடி அடையுங்கள், மூலைகளுக்கும் குழாய் வாய்க்கும் மட்டும் திரவப் பூச்சு போதும். கான்கிரீட் தளத்தில் முதலில் வாட்டம், பிறகு தார் ஷீட் அல்லது பாலியூரித்தேன். ஆனால் கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி துருத்திக்கொண்டிருந்தால் மேலே எந்த வாட்டர்புரூஃபிங்கும் முழு வேலை ஆகாது. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அது கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். கம்பியின் பின்புறமும் 20 மி.மீ. இடைவெளி வரும்படி கொத்தி, துருவைத் தேய்த்தெடுத்து, துத்தநாக பிரைமர் பூசி, பாலிமர் கலந்த சாந்தால் மூட வேண்டும். கம்பியின் கனம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருந்தால் பொறியாளர் பார்த்தாக வேண்டும்.

சுவரில் ஓதம்: ஊசி போடுவதா, மண்ணை இறக்குவதா?

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். ஒரு அடிச் சதுர அலுமினியத் தாளைச் சுவரில் நாலு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறைப் பக்கம் நீர்த்துளி இருந்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது, காற்றோட்டம்தான் மருந்து. தாளுக்குப் பின்னால் ஈரமானால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் பொதுவாக ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் உப்புக் கோடு விட்டு நிற்கும். அதற்கு மேலே தனித் தீவாக ஈரம் தெரிந்தால் குழாயையோ ஜன்னல் அடியையோ சந்தேகியுங்கள்.

தரையோதத்துக்கு மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. எளியது, பலரும் தாண்டிப் போவது, வெளிமண்ணை இறக்குவது. ஆண்டுக்காண்டு மண்ணும் நடைபாதையும் உயர்ந்து சுவரை மூடியிருக்கும். வெளித்தரை உட்தரையைவிடக் குறைந்தது 150 மி.மீ. தாழ்ந்து, சுவரைவிட்டு விலகிச் சரிய வேண்டும். சுவரோரம் 300 மி.மீ. அகலக் காடி வெட்டி 20 மி.மீ. ஜல்லி நிரப்பினால் மழைத் தெறிப்பும் குறையும், சுவரின் அடியும் உலரும். காடி அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தொடக் கூடாது. பழைய வீட்டு அஸ்திவாரம் எதிர்பார்ப்பதைவிட ஆழம் குறைவாக இருக்கலாம்.

ஊசி போடுவது என்றால், செங்கல் வரிசைகளுக்கு நடுவே உள்ள சாந்தில், வெளித்தரைக்கு 150 மி.மீ. மேலே, 120 மி.மீ. இடைவெளியில் 12 மி.மீ. துளைகள் போட்டு தண்ணீரை விலக்கும் சிலேன் க்ரீம் நிரப்புவது. ஒழுங்கான செங்கல் சுவரில் இது வேலை செய்யும். இரண்டு முகங்களுக்கு நடுவே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய தடித்த சுவரில் க்ரீம் எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. துளைக் கோட்டைத் தாண்டி வெளிப்பூச்சு தரைவரை இறங்கியிருந்தால் ஈரம் அந்தப் பூச்சு வழியாகவே ஏறிவிடும். இன்னொன்று: உப்பேறிய பழைய பூச்சு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதை உப்புக் கோட்டுக்கு மேலும் 300 மி.மீ. வரை அகற்றாவிட்டால், ஊசி பலித்தும் சுவர் ஈரமாகவே தெரியும்.

மூன்றாவது வழி, உள்ளே வாட்டர்புரூஃப் சிமென்ட் பூசுவதோ டைல் ஒட்டுவதோ. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஈரம் நிற்பதில்லை, டைல் முடியும் உயரத்துக்கு மேல் ஏறிக் கிளம்பும்.

மண்ணை இறக்கிவிட்டு ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் காத்திருங்கள். சுவர் உலரும் வேகம் தோராயமாக மாதத்துக்கு 25 மி.மீ.; 225 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம். அதற்குப் பிறகும் ஓதம் நிற்கவில்லை என்றால் ஊசியை யோசிக்கலாம்.

பூச்சு: சிமென்டா, சுண்ணாம்பா?

சிமென்ட் பூச்சு வேகமாக இறுகும், கொத்தனார் எங்கும் கிடைப்பார். ஆனால் மென்மையான பழைய செங்கல்லைவிட அது கடினம். சுவர் லேசாக அசையும்போது பூச்சில் மயிரிழை விரிசல் விழும். அதன் வழியே மழை உள்ளே போகும், திரும்ப வர முடியாது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தையே உதிர்க்கும். தட்டிப் பார்த்தால் பொள்ளெனச் சத்தம் வரும் இடமெல்லாம் இப்படிப்பட்டதுதான். அதை எடுத்துவிடுங்கள். கெட்டியாகப் பிடித்திருக்கும் சிமென்டை மட்டும் வலிந்து கொத்தாதீர்கள். செங்கல்லின் முகமும் கூடவே வரும்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, இரண்டரை முதல் மூன்று பங்கு கழுவிய கூர்மணல். வெளிச்சுவருக்கும் ஈரமான அடிப்பகுதிக்கும் நீரில் இறுகும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு, அல்லது செங்கல் தூள் கலந்தது. இணைப்புகளை 20 மி.மீ. ஆழம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் தேய்த்து வாரி அகற்றுங்கள். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். சுவரை நனைத்து, ஒரு பூச்சுக்கு 10 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் இரண்டு பூச்சு. வெயிலும் காற்றும் நேரே படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் குறைந்தது ஒரு வாரம் பதமாக வைத்திருக்க வேண்டும். சுண்ணாம்பு தோல்வியடைவதாகச் சொல்லப்படும் இடங்களில் பல, இந்த ஒரு வாரத்தை விட்டுவிட்ட இடங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஜன்னல்: பழுதா, புதிதா?

பழைய மரம் பெரும்பாலும் நல்ல வயிரம் பாய்ந்தது. கெடுவது அடிச் சட்டமும் கீழ் மூலைகளும்தான். உளுத்த பகுதியைச் சாய்வாக வெட்டி அதே ரக மரத்தில் ஒட்டுப் போட்டு, கண்ணாடிப் பட்டியைப் புதுப்பித்து, கதவு நிலையைத் தொடும் விளிம்பில் பிரஷ் அல்லது ரப்பர் பட்டை பதித்தால் காற்றொழுகலில் பெரும்பகுதி நின்றுவிடும். யு.பி.வி.சி. எனும் கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னலின் அனுகூலம் இரட்டைக் கண்ணாடி. குளிர் கடுமையான ஊரிலும் சாலைச் சத்தத்திலும் அது உண்மையான அனுகூலம். ஆனால் அதன் சட்டம் கெட்டால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டியிருக்கும். நிலையின் பாதிக்கு மேல் உளுத்திருந்தால் தவிர மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்காமல் நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இடுக்குகளை அடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. கேஸ் ஹீட்டர், விறகடுப்பு போல உள்ளே எரியும் எதுவும் இருந்தால், அதற்குத் தனிக் காற்றுவழியும் புகைபோக்கியும் உறுதி செய்யாமல் அறையை இறுக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. அதைக் கண்டறியும் அலாரமும் மாட்டுங்கள்.

வெப்பம்: மேலேயா, கீழேயா?

வெயில் வாட்டும் தளத்துக்கு வெளிப்பக்கமே சிறந்த இடம். வெள்ளைப் பூச்சு எடை கூட்டாமல் பகல் வெப்பத்தைத் திருப்பும். தூசி படிந்தால் பலன் குறையும் என்பதால் ஆண்டுக்கொருமுறையாவது கழுவ வேண்டும். தார் ஷீட்டின் மேல் 50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். எனும் கெட்டி நுரைப் பலகை வைத்துக் கூழாங்கல் பரப்பினால் வெப்பமும் தடுக்கப்படும், ஷீட்டும் வெயிலிலிருந்து தப்பும்; ஆனால் 50 மி.மீ. கூழாங்கல்லே சதுர மீட்டருக்கு 80 கிலோ. உட்கூரையும் கண்ணாடிப் பஞ்சும் சுலபம்தான், எனினும் ஒழுகலையும் கரையானையும் கண்ணிலிருந்து மறைத்துவிடும். போட்டே ஆக வேண்டுமென்றால் குழாய் வாய்களுக்குக் கீழே திறந்து பார்க்கும் மூடிகள் வையுங்கள். ஓட்டுக்கூரைக்கு அடியில் ஒட்டும் பளபளத் தாள் 25 மி.மீ. காற்றிடைவெளி இருந்தால்தான் பயன் தரும். ஓட்டோடும் பலகையோடும் அழுத்தி வைத்தால் வெறும் தாள்தான்.

பெயின்டிலும் இதே போட்டி உண்டு. பிளாஸ்டிக் எமல்ஷன் துடைக்க வசதி, ஆனால் புதுச் சுண்ணாம்புப் பூச்சை மூடிவிடும். சுண்ணாம்படிப்பு அல்லது சிலிகேட் பெயின்ட் ஈரத்தை விடும். சுண்ணாம்பைப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்து, நாளுக்கு ஒன்றாக நான்கு அல்லது ஐந்து மெல்லிய பூச்சு அடியுங்கள். ஒரே தடித்த பூச்சாக அடித்தால் காய்ந்ததும் கையோடு ஒட்டிக்கொண்டு வரும்.