"செட்டப் பண்ணித் தர்றோம்" என்றால் நம்பாதீர்கள்: மூன்று மாதச் சம்பளம் இருபது விநாடியில் மண்ணில்

முந்தாநாள் காலை என் ஆர்.சி. விமானம் (ரிமோட்டில் ஓட்டும் மாடல் விமானம்) இருபது விநாடி பறந்தது. அப்புறம் மூக்குக் குப்புற மண்ணில் குத்தியது. மூன்று மாதச் சம்பளம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையின் பெயரைப் போடமாட்டேன். போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதற்கு அழ நான்காவது மாதச் சம்பளம் என்னிடம் இல்லை. மாடல் விமானம், மோட்டார், சர்வோ (விமானத்தின் அசையும் பரப்புகளை இயக்கும் சின்ன மோட்டார்), பேட்டரி எல்லாம் விற்கும் கடை. ஆன்லைனிலும் வாங்கலாம், நேரிலும் போகலாம். தனியாகக் காசு கொடுத்தால் விமானத்தைப் பூட்டி, நம் டிரான்ஸ்மிட்டரிலேயே, அதாவது கையிலிருக்கும் ரிமோட்டிலேயே, செட்டிங் போட்டு, "ஏரோபாட்டிக் செட்டப், பறக்கத் தயார்" என்று கையில் கொடுப்பார்கள். இந்த மாதிரி இடங்களில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக ஃபோம் டிரெய்னர்தான், அதாவது பழகுவதற்கான விமானம்தான், ஓட்டினேன். லூப் (செங்குத்து வட்டம்), ரோல் (பக்கவாட்டில் உருளல்) வரும். அடுத்ததாக 60 அங்குல இறக்கை கொண்ட பால்சா மர விமானம், 6எஸ் (ஆறு செல்) பேட்டரி. டிரெய்னர் எப்படி மாட்டினாலும் ஏதோ பறந்துவிடும். இது அப்படியில்லை. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பரப்பு) 45 டிகிரி வரை மடங்கும். சமநிலைப் புள்ளி (சி.ஜி.) கொஞ்சம் நகர்ந்தாலும் விமானத்தின் குணமே மாறிவிடும். அதனால்தான் தெரிந்தவர்கள் கையால் நடக்கட்டும் என்று செட்டப்புக்கும் சேர்த்துப் பணம் கட்டினேன். ஒன்பது நாள் வைத்திருந்தார்கள்.

வாங்கப் போன அன்று நடந்ததை மறக்கவே முடியவில்லை. கடைக்காரர் ஷெல்ஃபிலிருந்து நீல உறை போட்ட தடித்த பேட்டரி ஒன்றை எடுத்து விமானத்துக்குள் செருகினார். உறையில் கொள்ளளவு 5000 (எம்.ஏ.எச்.) என்று பெரிதாக இருந்தது. கேனபி என்ற மேல்மூடியைப் போட்டு, இரண்டு இறக்கைக்கும் அடியில் ஆள்காட்டி விரல்களை வைத்துத் தூக்கினார். விமானம் அப்படியே மட்டமாக நின்றது. தராசு முள் மாதிரி. "பார்த்தீங்களா தம்பி, சி.ஜி. எவ்வளவு கச்சிதமா இருக்குன்னு? கண்ணை மூடிக்கிட்டு விடலாம்" என்றார். "சரிண்ணா" என்றேன். அந்த இரண்டு விரலைப் பார்த்துத்தான் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன்.

பில்லில் "6எஸ் லைப்போ" என்று மட்டும் இருந்தது. பெட்டியில் வைத்துக் கொடுத்தது மஞ்சள் உறை போட்ட வேறொரு பேட்டரி. பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. என் தவறு இதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

திடலில் ரேஞ்ச் செக் (ரிமோட் சிக்னல் தூரத்துக்கு எட்டுகிறதா என்று) செய்தேன், எல்லாப் பரப்பும் சரியான திசையில் அசைகிறதா என்று பார்த்தேன். த்ராட்டிலைக் கொடுத்ததும் விமானம் ஓடவில்லை, துள்ளியது. மூக்கு வானத்தைப் பார்த்தது. ஸ்டிக்கை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினேன், தலைகுப்புற இறங்கியது. இழுத்தேன், மறுபடி செங்குத்தாக ஏறியது. ரேட் சுவிட்சைத் தட்டினால் எலிவேட்டர் வீச்சு குறையும் என்று தட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாவது துள்ளலில் வேகம் செத்து, இடது இறக்கை பக்கம் சரிந்து விழுந்து, அவ்வளவுதான். பேட்டரி குத்துப்பட்டுப் புகைய ஆரம்பித்ததால் அதன் மேல் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு நின்றேன்.

எங்கள் திடலில் நிறைய வருடம் ஏரோபாட்டிக்ஸ் ஓட்டும் பெரியவர் ஒருவர் வால் பகுதியைத் தூக்கிப் பார்த்தார். அது மட்டும்தான் உடையாமல் இருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "பேலன்ஸ் பார்த்தப்போ எந்த பேட்டரி இருந்துச்சு?" எனக்கு அப்போதுதான் அந்த நீல உறை ஞாபகம் வந்தது. என்னிடம் கொடுத்தது 3300. 6எஸ்ஸில் இரண்டுக்கும் ஏறக்குறைய கால் கிலோ வித்தியாசம் வரும், அதுவும் மூக்குப் பக்கத்தில். அவர் தரையில் குச்சியால் கணக்குப் போட்டார். சி.ஜி. இரண்டரை சென்டிமீட்டர் பின்னே போயிருக்கும் என்றார். வால் கனத்த விமானம். யார் ஓட்டினாலும் தடுமாறும்.

டிரான்ஸ்மிட்டரைத் திறந்தோம். ரேட் சுவிட்சின் மூன்று நிலையிலும் ஒரே எண், 100, அதாவது முழு வீச்சு. எக்ஸ்போ 40, ஆனால் குறி தப்பு. ஸ்டிக் நடுவில் மென்மையாக இருக்கத்தான் எக்ஸ்போ போடுவது. ஃபுடாபா பிராண்ட் டிரான்ஸ்மிட்டரில் அதற்கு மைனஸ், ஸ்பெக்ட்ரம் பிராண்டில் பிளஸ். என்னுடையது மைனஸ் வகை, அவர்கள் போட்டது பிளஸ். மென்மைக்குப் பதிலாக நடுவில் இரட்டிப்புத் துடிப்பு. மயிரிழை தள்ளியதற்கு ஏன் குப்புற விழுந்தது என்று புரிந்தது. ஸ்டிக்கை அசைத்துக்கொண்டே எலிவேட்டரை ஒரு முறை பார்த்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் பார்க்கவே இல்லை.

இன்னும் இருக்கிறது. எலிவேட்டரின் இரண்டு பாதிக்கும் தனித்தனி சர்வோ. ஸ்டிக்கை முழுக்க இழுத்தால் ஒரு பாதி 40 மில்லிமீட்டர் ஏறுகிறது, இன்னொன்று 32. இப்படி இருந்தால் லூப் போடும்போது விமானம் தானாகப் பக்கவாட்டில் உருளும். காரணம், ஒரு சர்வோவின் கொம்பு (அதன் அச்சில் மாட்டியிருக்கும் கை) சாய்ந்து நிற்கிறது. சர்வோ நடுவில் இருக்கும்போது கொம்பு, பரப்பைத் தள்ளும் கம்பியான புஷ்ராடுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கழற்றி அடுத்த பல்லில் மாட்ட வேண்டும், மிச்சமுள்ள சின்னக் கோணத்துக்குத்தான் சப்-டிரிம் (சர்வோவின் நடுநிலையைத் திருத்தும் டிரான்ஸ்மிட்டர் செட்டிங்). இவர்கள் ஸ்க்ரூவைக் கழற்றச் சோம்பல்பட்டு சப்-டிரிமை ஓரம் முட்டத் தள்ளியிருக்கிறார்கள். ஒன்பது நாள்! அந்த சர்வோவைப் பிரித்தால், மெட்டல் கியர் என்று காசு வாங்கிய இடத்தில் உள்ளே வெள்ளையாக நைலான் பல்.

கடைக்குப் போன் போட்டேன். விழுந்துவிட்டது என்றதும் "தம்பி" போய் "சார்" வந்துவிட்டது.

"காத்து அடிச்சிருக்கும் சார்." இலைகூட அசையவில்லை என்றேன். "அப்ப பைலட் எரர் சார். டிரெய்னர்லேர்ந்து நேரா இதுக்கு வந்தா இப்படித்தான்." வாங்கும்போது இதைச் சொல்லவில்லையே? பேட்டரி மாறியதைக் கேட்டேன். "பேட்டரி எங்க வைக்கணும்னு மேனுவல்ல இருக்கு, நீங்கதான் செக் பண்ணணும்." அப்படியானால் செட்டப்புக்கு எதற்குக் காசு? செட்டப் செய்தவர் லீவில் இருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்று வைத்துவிட்டார்.

அவர் கூப்பிடவில்லை. எக்ஸ்போ திரை, நைலான் பல், சாய்ந்த கொம்பு எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாகிப் பல மணி நேரம் கழித்து ஒரே வரி: "விபத்துக்குள்ளான பொருளுக்கு வாரண்டி கிடையாது." நேற்று மறுபடி கூப்பிட்டபோது வேறு யாரோ எடுத்து, அடுத்த விமானத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். மூன்று மாதச் சம்பளத்தை மண்ணில் போட்டவனுக்கு அடுத்த விமானமாம்.

விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமை இல்லை. ஆத்திரத்தில் தோன்றுவதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பறக்கவிடப்போகும் அதே பேட்டரியைப் போட்டு, உங்கள் விரலில் தூக்கிப் பாருங்கள்; மேனுவலில் சொன்ன இடத்தில் டேப் ஒட்டிக்கொண்டு பாருங்கள். பேட்டரியின் எண்ணையும் சர்வோவின் மாடலையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். முதல் பறப்புக்கு எலிவேட்டர் லோ ரேட் (குறைந்த வீச்சு) 12 முதல் 15 டிகிரி போதும். சுவிட்சைத் தட்டினால் வீச்சு நிஜமாகவே குறைகிறதா என்று தரையிலேயே கண்ணால் பாருங்கள். ஸ்டிக்கை மெதுவாக நகர்த்தி எக்ஸ்போவைப் பாருங்கள், குறியை நம்பாதீர்கள். எலிவேட்டர் இரண்டு பாதியையும் ஸ்கேல் வைத்து அளங்கள்.

நைஃப்-எட்ஜ் மிக்ஸிங், மோட்டாரின் வலச் சாய்வு மாதிரி அடுத்த கட்ட செட்டிங் எல்லாம் எழுத நினைத்திருந்தேன். அந்த நிலைக்கு என் விமானம் வரவே இல்லை.