மாண்ட்கோமெரி கவுண்டியில் பிள்ளையைச் சேர்க்க: ஹெட் ஸ்டார்ட், பிரீ-கே, பெப்

பிள்ளைக்கு மூன்று வயது நெருங்கியதும் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், மாண்ட்கோமெரி கவுண்டியின் ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் பக்கத் தமிழ் வீடுகளில் ஒரு தேடல் தொடங்கிவிடும். பள்ளிகளுக்குத் தரம் போடும் இணையதளங்களில் எந்தப் பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்? நானும் ராத்திரி ராத்திரி உட்கார்ந்து இதைத்தான் பார்த்தேன். ஆனால் அந்த மதிப்பெண்ணில் பெரும்பங்கு தேர்வு முடிவுகளை வைத்து வருவது. மேரிலாந்தில் மாநிலத் தேர்வு தொடங்குவதோ மூன்றாம் வகுப்பில். நான்கு வயதுப் பிள்ளையின் வகுப்பறை எப்படி இருக்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. அதோடு, இங்கே கவுண்டி முழுவதற்கும் பள்ளி நிர்வாகம் ஒன்றுதான். அதனால் பள்ளிக்குப் பள்ளி ஒப்பிடுவதைவிட, திட்டத்துக்குத் திட்டம் ஒப்பிடுவதுதான் உதவும்.

ஐந்து வயதுக்கு முன் அரசுப் பள்ளிக்குள் நுழைய முக்கியமாக மூன்று வழிகள் உள்ளன: ஹெட் ஸ்டார்ட் (வருமானம் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கான முன்பள்ளி), பிரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய ஆண்டு வகுப்பு), பெப் (Preschool Education Program, சிறப்புக் கல்வி தரும் முன்பள்ளி). மூன்றுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் மூன்றும் ஒரே பிள்ளைக்காக ஏற்பட்டவை அல்ல.

ஹெட் ஸ்டார்ட் 1965-இல் அதிபர் ஜான்சன் ஆட்சியின் வறுமை ஒழிப்புத் திட்டங்களோடு பிறந்தது. கூட்டாட்சிப் பணத்தில் நடக்கிறது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டுக்குள் இருக்க வேண்டும். உணவு உதவி பெறும் குடும்பங்கள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள், வீடில்லாதவர்கள் ஆகியோருக்கும் தகுதி உண்டு. மூன்று வயதிலேயே சேரலாம் என்பது பெரிய வசதி. பாடத்தோடு இது நிற்பதில்லை. சேர்ந்த 45 நாட்களுக்குள் கண், காது, வளர்ச்சி எல்லாவற்றையும் சோதித்துவிட வேண்டும் என்பது விதி. பல் மருத்துவர் வரை பின்தொடர்வார்கள். குடும்பத்தோடு பேச ஓர் ஊழியர் இருப்பார், திட்டத்தை நடத்தும் குழுவில் பெற்றோருக்கும் ஓட்டு உண்டு.

பிரீ-கே மாநிலத்தின் திட்டம். செப்டம்பர் 1-க்குள் நான்கு வயது முடிந்திருக்க வேண்டும். 2021-இல் சட்டமான ‘புளூபிரிண்ட்’ என்ற மாநிலக் கல்விச் சீர்திருத்தம், கட்டணமில்லா இடத்துக்கான வருமான வரம்பை வறுமைக் கோட்டின் மூன்று மடங்காக உயர்த்தியது. 2025 கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 96,450 டாலர். ஒருவர் மட்டும் வேலை பார்க்கும் எத்தனையோ நம் வீடுகள் இதற்குள் வரும். ‘அதெல்லாம் நமக்கு இல்லை’ என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். தனியார் பாலர் பள்ளிக்கு மாதம் 1,500 டாலருக்கு மேல் கட்டிக்கொண்டு இருப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. புளூபிரிண்ட் பணத்தில் நடக்கும் வகுப்பில் அதிகபட்சம் 20 பிள்ளைகள், பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், ஆசிரியருக்கு மாநிலச் சான்றிதழ். இதே அளவு தனியாரில் கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த இரண்டுக்கும் தகுதி இருந்தால் நான் ஹெட் ஸ்டார்ட்டைத்தான் சொல்வேன். பாடம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் பல்லையும் காதையும் சேர்த்துப் பார்ப்பது அங்கேதான். ஒரே ஒரு விஷயம் இந்த முடிவை மாற்றலாம்: நேரம். அரை நாள் வகுப்பு என்றால் இரண்டரை மணி நேரம், முழு நாள் என்றால் ஆறரை மணி நேரம். அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அரை நாள் இடம் கிடைத்தால் மதியத்துக்கு மறுபடி ஓர் ஆள் தேட வேண்டும். அதனால் முதல் கேள்வியே ‘அரை நாளா, முழு நாளா’ என்று இருக்கட்டும்.

அப்புறம் பெப். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் வாய் திறக்காத திட்டம் இது. வளர்ச்சியில் தாமதமோ குறைபாடோ உள்ள மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கானது. கூட்டாட்சியின் சிறப்புக் கல்விச் சட்டத்தின் கீழ் வருவதால் வருமானம் பார்ப்பதே இல்லை. ஐ.டி.யில் இருவரும் சம்பாதித்தாலும் செலவு இல்லை. ஹெட் ஸ்டார்ட்டில் இடம் இருந்தால்தான் சேர்க்கை; பெப்பில் தகுதி உண்டு என்று முடிவானால் மூன்றாவது பிறந்தநாள் முதல் சேவை தந்தே ஆக வேண்டும்.

என் மகன் மூன்று வயதை நெருங்கியபோது பத்துச் சொற்களுக்குள்தான் பேசினான். ‘அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்’ என்று ஊரிலிருந்து மாமியார் சொன்னார். வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். நிறுத்தவில்லை. சிறப்புக் கல்வி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறியும் சைல்ட் ஃபைண்ட் என்ற பள்ளி நிர்வாகப் பிரிவுக்கு ஃபோன் செய்தேன். மதிப்பீடு நடந்த அறையில், மதிப்பிட வந்த அம்மா தரையில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினார், பிறகு வேண்டுமென்றே நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இவன் அவர் கையைப் பிடித்து “இன்னும்” என்றான். என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டு, அதை ஒரு சொல்லாகக் குறித்துக்கொண்டார். பிள்ளையின் தாய்மொழியில் மதிப்பிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாததைக் குறைபாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பயம் வேண்டாம்.

ஒப்புதலில் நாம் கையெழுத்திட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும். தகுதி உண்டு என்றால் ஐ.இ.பி. என்ற தனித் திட்டம் எழுதுவார்கள். வாரத்துக்கு எத்தனை நிமிடம் பேச்சுப் பயிற்சி, என்ன இலக்கு எல்லாம் அதில் இருக்கும். பிடிக்காததில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, திருத்தச் சொல்லலாம்.

பெப்பில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கம் வகுப்பின் அமைப்பு பற்றியது. தாமதம் உள்ள பிள்ளைகள் மட்டும் இருக்கும் வகுப்பில் பேச்சைக் கேட்டுப் பழக வாய்ப்புக் குறைவு. பிரீ-கே பிள்ளைகளும் பெப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் வகுப்புகளும் உண்டு. உங்கள் பிள்ளைக்கு அது பொருந்துமானால் ஐ.இ.பி. எழுதும் கூட்டத்திலேயே கேளுங்கள். பெற்றோரும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர்தான்.

கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. பெரும்பாலான வகுப்புகள் தொடக்கப் பள்ளிகளுக்குள் நடக்கின்றன. சில்வர் ஸ்பிரிங்கின் மெக்டொனால்ட் நோல்ஸ், கெய்தர்ஸ்பர்க்கின் அப்கவுண்டி ஆகிய இரண்டும் சின்னப் பிள்ளைகளுக்கென்றே உள்ள மையங்கள். பெரிய பிள்ளைகளின் நெரிசல் அங்கே இல்லை. ஆனால் அக்கா படிக்கும் பள்ளியிலேயே தம்பிக்கும் இடம் என்றால் அதில் வேறொரு நிம்மதி இருக்கிறது. எப்படியும் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிதான் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள், வகுப்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இடம்.

பிரீ-கே, ஹெட் ஸ்டார்ட் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்று, வருமான ஆதாரம், வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துவரி ரசீது, தடுப்பூசிப் பதிவு வேண்டும். ஊரில் போட்ட ஊசிகளின் அட்டையை இங்குள்ள டாக்டரிடம் காட்டி மேரிலாந்து படிவத்தில் ஏற்றி வாங்க நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள். பெப்புக்கு இந்தக் கட்டெல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். பேச்சிலோ நடையிலோ சந்தேகம் வந்த அன்றே ஃபோன் செய்யலாம், டாக்டரின் சீட்டுகூடத் தேவையில்லை.